ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள்

இது நடந்தது. நான் வீட்டு புரோக்கர். பொய் சொல்வது தொழிலில் கலந்ததுதான். ஆனால் அதற்குக் கமிஷன் உண்டு. இதற்குக் கிடையாது.

அந்த முட்டுச்சந்தில் ஏழு வீடுகள். கடைசி வீட்டு மாடியை வாடகைக்கு விடும் பொறுப்பு என்னுடையது. அந்த ஆண்டு எங்கள் வட்டாரத்தில் திருட்டு கூடிவிட்டது. பூட்டு உடைப்பு, சங்கிலிப் பறிப்பு, பட்டப்பகலில் வீடு புகுந்து அடிப்பது. நகரத்தில் குற்றங்கள் அதிகமான பகுதிகள் எவை என்று ஒரு பத்திரிகை வரிசை போட்டது. முதலிடம் எங்களுக்கு. எதிலாவது முதலில் வந்தோமே என்றார் பால்காரர். அதுவரை வீடு பார்க்க வருபவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். அதன்பின் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். இங்கே பயம் ஒன்றும் இல்லையே?

அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். வந்தவரை மாடி ஜன்னலருகே நிறுத்தி, ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள் என்பேன். நான் இறங்கிப்போய் விளக்குக் கம்பத்தடியில் நிற்பேன். அவர் கத்துவார். கதவுகள் திறக்கும். ஆட்கள் ஓடிவருவார்கள். நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். சும்மாதான், உள்ளே போங்கள் என்று அர்த்தம். மேலே நிற்பவரின் முகத்தில் நிம்மதி வரும். வீடு முடிந்துவிடும்.

முதலில் நிஜமாகவே ஓடிவந்தார்கள். பிறகு சிரித்துக்கொண்டு வந்தார்கள். பிறகு வாசலோடு நின்றார்கள். கடைசியில் எதிர்வீட்டு டெய்லர் அக்கா மட்டும்தான் எழுந்து வருவார். குடிவருபவர்களின் திரைச்சீலை வேலையை நான் அவருக்குப் பிடித்துக்கொடுப்பேன். ஒரு கதவு திறந்தாலும் எனக்குப் போதும்.

ஒரு நர்ஸும் அப்படித்தான் வந்தாள். தனியாள். எல்லோரும் "திருடன்" என்று கத்துவார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாராவது வாங்களேன்" என்று, சாப்பிடக் கூப்பிடுவதுபோல் இழுத்துக் கூப்பிட்டாள்.

ஐந்து மாதம் இருந்தாள். ஒரு நாள் காலை பதினொரு மணிவாக்கில் யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள். அவள் செத்துக்கிடந்தது மறுநாள்தான் தெரிந்தது. போலீஸ் வீடு வீடாக விசாரித்தது. யாருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. யாரும் பிடிபடவில்லை.

சுவருக்கு வெள்ளையடித்தோம். தரையில் இரண்டு கல்லை மாற்றினோம். முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்பவர்களிடம், ஒரு நர்ஸ், வெளிநாடு போய்விட்டாள் என்றேன். நர்ஸ்கள் போகிறவர்கள்தான். யாரும் சந்தேகப்படவில்லை.

அடுத்து ஒரு டீச்சர் வந்தார். அவரும் மகளும் மட்டும் குடியிருக்கப் போகிறார்கள். மாலை ஆறேகால். சமையலறை அலமாரியைத் திறந்து மூடினார். குழாயைத் திருகினார். மகளின் மேசையை எங்கே போடலாம் என்று கையால் அளந்தார். வீடு பிடித்துவிட்டது. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

சொல்லிவிட அதுதான் சமயம்.

"ஒரு குரல் குடுத்துப் பாருங்க, டீச்சர்" என்றேன்.

வெளியே வந்தேன். கதவருகே கழற்றிவிட்ட என் செருப்பு படிக்கட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இரண்டும் ஒட்டி, நேராக. வந்தவர்களின் செருப்பை அவர்கள் போகும் திசைக்குத் திருப்பிவைப்பது நர்ஸின் பழக்கம்.

டீச்சர் செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் உள்ளேயேதான் இருந்தார்.

படியில் இறங்கும்போது ஆஸ்பத்திரி நெடி அடித்தது.

கம்பத்தடியில் நின்றேன். விளக்கு இன்னும் எரியவில்லை. டெய்லர் அக்கா வீட்டில் மெஷின் ஓடும் சத்தம். டடடட... டடடட...

"யாராவது வாங்களேன்..."

பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டேன்.

மெஷின் நின்றது. மறுபடி ஓடியது.

"யாராவது வாங்களேன்..."

இந்தத் தடவை இழுப்பு இல்லை. சிரிப்பு இல்லை.

ஜன்னலில் டீச்சரின் முகம் தெரிந்தது. அவர் வாய் மூடியிருந்தது.

"என்ன சார், நான் இன்னும் கத்தவே இல்ல. அதுக்குள்ள கையைக் காட்டுறீங்க?"

குரல் அவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

"யாராவது..."

அவர் திரும்பவில்லை.

அவருக்குக் கேட்கவில்லை.

ஒரு கதவும் திறக்கவில்லை.

என் கை இறங்கவில்லை...

விளக்கு எரிந்தது. குரல் நின்றது.

எதிர்வீட்டு ஜன்னலுக்குப் போனேன். டெய்லர் அக்கா குனிந்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இப்ப ஏதாவது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நீங்கதான் கையைக் காட்டிட்டீங்களே, தம்பி."

"யார் குரல்?"

அவர் துணியை மடியில் வைத்தார். "அந்தப் பொண்ணு குரல் மாதிரிதான் இருந்துச்சு. அன்னைக்கும் இப்படித்தான்."

சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று போலீஸிடம் சொன்னீர்களே என்றேன்.

"உங்களை எதுக்கு மாட்டிவிடணும்? எனக்கு வேலை குடுக்கிற ஆளு." அவர் என்னை நேராகப் பார்க்கவில்லை. "நான் வாசலுக்கு வந்தேன். நீங்க கம்பத்தடியில நின்னீங்க. மூணு தடவை கூப்பிட்டுச்சு. மூணு தடவையும் கையைக் காட்டினீங்க. யாருக்கோ வீடு காட்டுறீங்கன்னு உள்ள போயிட்டேன்."

டீச்சர் இறங்கி வந்தார். அவரிடம் நர்ஸைப் பற்றிச் சொன்னேன். கையைத் தூக்குவது எதற்கு என்பதையும் சொன்னேன். அவர் ஏழு வாசலையும் ஒருமுறை பார்த்தார்.

"அப்போ இங்க நாங்க கத்தினா யாரும் வரமாட்டாங்க."

கேள்வியாகக் கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மாடி இன்னும் காலிதான். நான் யாருக்கும் அதைக் காட்டுவதில்லை.

டெய்லர் அக்காவிடம் ஒன்றைச் சொல்லவில்லை. நர்ஸ் செத்த அன்று நான் ஊரிலேயே இல்லை. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகவேண்டிய ஊரில், என் மச்சானின் கல்யாணத்தில் இருந்தேன். என் மனைவி போனில் எடுத்த போட்டோ இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் தேடி எடுத்தேன். நேரம் பதினொன்று நான்கு. மண்டப வாசல். எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நான் ஓரத்தில் நிற்கிறேன். வேறு பக்கம் பார்க்கிறேன்.

கையைத் தூக்கியிருக்கிறேன்.