ரயிலுக்கு ஒரு திருகாணி

எங்கள் வெள்ளைக்காரத் துரை ஒரு பெட்டியைக் கொடுத்தால் அவர் முன்னாலேயே திறந்து பார்க்க முடியாது. பார்த்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அதனால் ஓவர்ஆலில் கையைத் துடைத்துக்கொண்டு, கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கி, 'யெஸ் சார்' சொல்லிவிட்டு வந்தேன். அப்படி வாங்கியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

எழுபதுகளின் கடைசி. சிங்கப்பூரின் வடக்குக் கோடியில் ஒரு கப்பல் பட்டறையில் எனக்கு வேலை. கப்பல்களிலிருந்து கழற்றி வரும் பிரஷர் கேஜுகளைப் பிரித்துச் சரி செய்வேன். நுணுக்கமான வேலை என்பதால், துரையின் பொம்மை ரயில் எஞ்சினைச் சரி செய்ய ஆள் வேண்டும் என்றதும் எங்கள் ஆபீஸ் கிளார்க் என் பெயரைச் சொல்லிவிட்டான். அவன் நம் ஆள்தான். இங்கேயே பிறந்தவன், பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டவன், குடியுரிமை உள்ளவன், என்னைவிட வயதில் சின்னவன். நான் அவனை சார் என்பேன், அவன் என்னை நீ என்பான். ஆபீஸ் அப்படி.

துரை பினாங்குக்கு லீவில் போனார். திரும்பி வருவதற்குள் எஞ்சின் ஓட வேண்டும் என்று உத்தரவு.

தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு மாடி அறை. கட்டிலில் துண்டை விரித்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளங்கை நீளத்தில் கறுப்பு நீராவி எஞ்சின். அழகாகத்தான் இருந்தது. மோட்டார் அழுக்கில் இறுகிப்போயிருந்தது, அது பெரிய விஷயமில்லை. எஞ்சினைத் திருப்பினேன். சக்கரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கும் தண்டு ஒரு பக்கம் தொங்கியது. அதைச் சக்கரத்தோடு பிடிக்கிற திருகு இல்லை. அரிசி மணி அளவு திருகு. அதற்கான ஓட்டை மட்டும் இருந்தது.

பெட்டியைக் கவிழ்த்தேன். துண்டை உதறினேன். தரையில் குப்புறப் படுத்துப் பலகை இடுக்கெல்லாம் காந்தத்தை வைத்துத் தேய்த்தேன். என்னோடு தங்கியிருந்தவர் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன தேடுறீங்க?"

"என் பெர்மிட்ட."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதற்கு முந்தின வருஷம் ஒரு வெல்டரின் சோற்று டப்பாவில் பித்தளைத் துண்டு ஒன்று கிடைத்தது. குப்பையில் போகிற துண்டு. துரை அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வேலை பெர்மிட் கேன்சல். ஆள் ஊருக்குப் போய்விட்டான். மறுநாள் அவன் பெயரைச் சொல்ல எங்களில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை. என் பெர்மிட் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கத் துரையின் கையெழுத்து வேண்டும்.

மறுநாள் காலை கிளார்க்கிடம் போனேன்.

"சார், அந்தப் பெட்டியில ஒரு ஸ்க்ரூ இல்ல. நான் திறக்கும்போதே இல்ல."

"இப்ப வந்து சொல்றியா? வாங்கும்போது செக் பண்ணலையா?"

"துரை முன்னாடி எப்படி சார் செக் பண்றது?"

"அப்ப நீதான் தொலைச்சேன்னு ஆகும். நான் என்ன சொல்ல முடியும்? பேசாம ஒண்ணு வாங்கிப் போட்டுடு லா. சின்ன ஸ்க்ரூதானே."

சின்ன ஸ்க்ரூதான். நகரத்தில் இருக்கிற பொம்மைக் கடைகளில் கேட்டேன். இங்கிலாந்துக்கு எழுதிப் போட வேண்டும், மாதக்கணக்காகும் என்றார்கள். ஒருவன் என் ஓவர்ஆலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உனக்கு எதற்கு என்று கேட்டான். சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தையில் குந்தியிருந்து டப்பா டப்பாவாகக் கொட்டிக் கிளறினேன். கேமரா திருகு தடிமனாக இருந்தது. மூக்குக்கண்ணாடித் திருகு ஓட்டைக்குள் ஆடியது. தையல் மெஷின் திருகு எஞ்சினைவிடப் பெரிதாகத் தெரிந்தது. பட்டறைக்குள் இருக்கிற லேத்தில் கடைந்தால் ஒரு மணி நேர வேலை. பட்டறை லேத்தில் சொந்த வேலை செய்து மாட்டினால் வெல்டர் கதைதான். அந்த லேத்தைக் கடந்து போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனேன்.

சோறு இறங்கவில்லை. அவ்வளவு பயந்தேன். பயந்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

ஒரு சாயங்காலம் சிராங்கூன் சாலையில், கடைகளின் முன்னால் போகிற ஐந்தடிப் பாதையில், கடிகாரம் பழுது பார்க்கும் கிழவர் ஒருவரும் கையை விரித்துவிட்டார். "ஒரு திருகாணிக்கு இந்தப் பாடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இங்கே வந்த பிறகு எல்லாருக்கும் அது ஸ்க்ரூதான். அன்றைக்கு ஊர் வார்த்தை வந்துவிட்டது. அடுத்த கடை நகைப் பத்தருக்கு அது கேட்டுவிட்டது. என் மகளின் காதுகுத்துக்கு அனுப்பத் தோடு வாங்கியது அவரிடம்தான்.

"என்ன தம்பி, திருகாணிய வாட்ச் கடையிலயா கேப்பாங்க? இங்க வா. யாருக்கு, மகளுக்கா?"

"ரயிலுக்கு."

"யாருக்கு?"

"ரயிலுக்கு, பத்தரே."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ரயிலுக்கு எப்பக் காது குத்துனீங்க? ஒரு பத்திரிகை வைக்கலையே!"

கடையில் இருந்த ஒரு அம்மாள் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பத்தரை அடிக்கலாம் போல இருந்தது. அதற்குள் அவர் முன்னால் இருந்த தட்டு கண்ணில் பட்டது. கழற்றி வைத்த பழைய தோடுகள். பக்கத்தில் அவற்றின் திருகாணிகள். குட்டையான உடம்பு, உடம்பில் மரை, தட்டையான தலை. நான் ஊரெல்லாம் தேடியது இதே உருவத்தைத்தான்.

பித்தளையில் செய்து தருவாரா என்றேன். பித்தளையைத் தொட மாட்டேன் என்றார். தட்டில் இருப்பவை அடுத்தவர் பொருள். ஊருக்கு அனுப்பப் பெட்டியில் வைத்திருந்த மகளின் தோட்டை எடுத்து வந்தேன். அதன் திருகாணிகளில் ஒன்றைக் கழற்றி, சக்கரத்தின் ஓட்டையைக் காட்டி, அராவித் தரச் சொன்னேன்.

"தங்கம்டா இது. மெத்துன்னு இருக்கும். உன் ரயில் இழுத்தா வளைஞ்சிடும். பொறகு என்னைத் திட்டாதே."

"அராவுங்க."

மெத்தென்று இருந்ததுதான் உதவியது. ஓட்டையில் வைத்து மெல்லத் திருக, ஓட்டைக்குள் இருந்த மரை தங்கத்தில் தானே பதிந்துகொண்டது. தண்டு உட்கார்ந்தது. சக்கரம் சுற்றியது. ஆனால் மற்ற திருகுகள் எல்லாம் வெள்ளை எஃகு. இது மட்டும் கல்யாண வீட்டுப் பெண் மாதிரி மஞ்சளாக மின்னியது. தொலைத்தாய், மாற்றினாய், மறைத்தாய் என்று மூன்று குற்றம் சேர்ந்துவிடும்.

பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும் என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். தெர்மாமீட்டர் உடைந்தால் முதலில் மோதிரத்தைக் கழற்றுவோம். அறை நண்பரிடம் சொந்தமாக ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். உடைத்துப் பஞ்சில் ஒற்றித் திருகாணியின் தலையில் தேய்த்தேன். என் கண் முன்னால் மகளின் தங்கம் பிணம் மாதிரி வெளுத்தது. வேண்டியது அதுதான். ஆனால் பாதரசம் குடித்த தங்கம் நொறுங்கும். எப்போது நொறுங்கும் என்று யாருக்கும் தெரியாது.

துரை வந்தார். ஆபீஸ் மேசையில் வரைபடங்களை ஒதுக்கிவிட்டுத் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டார். எஞ்சின் ஓடியது. அவர் எஞ்சினைப் பார்த்தார். நான் அந்தத் திருகாணியை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அது வந்து போவதை எண்ணினேன். கிளார்க் கதவோரம் பைலோடு நின்றான்.

திடீரென்று துரை எஞ்சினை நிறுத்தினார். தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"இந்தத் திருகு ஏது?"

துரை நகத்தால் அதைத் தட்டினார்.

"இது இல்லாமல்தானே கொடுத்தேன். பல வருஷமாக இது இல்லை."

அவருக்கே தெரியும்! அவர் தொலைத்த திருகு. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுத்திருந்தால் நான் ஒழுங்காகச் சோறு தின்றிருப்பேன். கிளார்க்கைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

நிம்மதி வருவதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"ஸ்டோரில் எடுத்தாயா?"

குரல் மாறியிருந்தது. இல்லாததைத் தொலைத்தேன் என்பாரோ என்று இத்தனை நாள் பயந்தேன். இப்போது இருப்பதைத் திருடினேன் என்கிறார். என் இங்கிலீஷ் அந்த இடத்தில் செத்துப்போனது. "ஸ்டோர் இல்ல சார், கோல்டு, கோல்டு" என்றேன்.

"என்ன உளர்றே?" என்று கிளார்க் தமிழில் அதட்டினான்.

மேசையில் கிடந்த பென்சில் சீவும் கத்தியை எடுத்தேன். துரை ஒரு அடி பின்னால் போனார். நான் எஞ்சினை வாங்கித் திருகாணியின் தலையைச் சுரண்டினேன். வெள்ளைக்கு அடியில் மஞ்சள் வந்தது.

துரை குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார். இது என்ன என்று கிளார்க்கைக் கேட்டார். அவன் தன் காது மடலைப் பிடித்துத் திருகிக் காட்டி, எங்கள் பெண்கள் இதைத்தான் மாட்டுவார்கள் என்று விளக்கினான். துரை பக்கத்து ஆபீஸ்காரர்களைக் கூப்பிட்டார். வந்தவர்களும் சிரித்தார்கள். ஒருவர் என் தோளைத் தட்டினார். தங்கத்தை எதற்குப் போட்டாய், ஏன் வெளுக்க வைத்தாய் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

சிரிப்பு நடக்கும்போதே கிளார்க் பைலை நீட்டினான். பெர்மிட் தாள்கள். துரை ஒரு கையால் எஞ்சினை மறுபடி தண்டவாளத்தில் வைத்தபடி, மறு கையால் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். என் தாளும் அதில் இருந்தது. எது யாருடையது என்று அவர் பார்க்கவில்லை. வேறொரு நாள் இதே மாதிரி பார்க்காமல் ஒன்றைக் கிழித்தும் போடலாம்.

வெளியே வந்ததும் கிளார்க் சிகரெட் பற்ற வைத்தான்.

"பாத்தியா? சும்மா கிடந்து பயந்தே லா."

சும்மாவா? வாய் நிறைய வசவு வந்தது. அவன் அம்மா வரைக்கும் வந்தது. அடுத்த வருஷமும் என் தாளை உள்ளே கொண்டுபோகிறவன் இவன்தான்.

"ஆமா சார்" என்றேன்.