கழிப்பறை வரை நடக்கக் கேட்ட செபம்

போன வருடம் சித்திரை மாதம், ஒன்றரை நாள் எனக்குச் சிறுநீர் வரவில்லை. செபக் கூட்டத்தில் இதையா சொல்வது என்று நினைப்பீர்கள். எனக்கு நடந்தது இதுதான். எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

என் பெயர் ஆரோக்கியசாமி. ஊர் வரதராஜன்பேட்டை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன். அதற்குப் பிறகு வெகுநாள் எந்த வேலையிலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. போர்வெல் லாரியோடு ஆந்திரா, ஒடிசா என்று அலைந்தேன். திருப்பூர் சாயப்பட்டறையில் இருந்தேன். முந்திரிக் காட்டுக்குக் காவல் இருந்தேன். கடைசியில் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பரில் வந்து உட்கார்ந்தேன். கோயிலுக்குத் தவறாமல் போகிறவள் என் மனைவி சகாயமேரி. நான் கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் போகிறவன்.

எங்கள் வேலை வரிசையில் நிற்கிற வேலை. சுரங்கத்தில் கல்லை ஏற்றிக்கொண்டு வந்து சிமெண்ட் ஆலை வாசலில் எடை மேடைக்குக் காத்திருப்போம். முன்னால் முப்பது வண்டி நிற்கும். வரிசை நகரும்போது டிரைவர் சீட்டில் இல்லை என்றால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான். விட்ட முறை திரும்பக் கிடைக்காது. அதனால் எங்களில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் இறங்க வேண்டும். காலையில் ஒரு டீ, பதினோரு மணிக்கு ஒரு டீ. மத்தியானம் சோற்றுக்குக் கருவாடு. மாலையில் ரோட்டுக் கடையில் புரோட்டா, சால்னா. வியர்வையில் உப்பு போகிறதே என்று எல்லாவற்றிலும் உப்பைக் கூட்டிக்கொள்வோம்.

சிறுநீர் நின்றுபோவதற்கு இரண்டு வருடம் முன்பே ஒருமுறை முதுகு வலித்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மட்டும் பார்த்து, சிறு கல் இருக்கிறது, தண்ணீர் குடி என்று சொல்லி அனுப்பினார்கள். நான் அதைக் கேட்கவில்லை. இருபது வருடமாக அந்த வரிசையில் நிற்கும் மணி அண்ணன் சொன்னதைக் கேட்டேன்.

"ஆரோக்கியம், நாம திங்கறது பூராவும் சுண்ணாம்புத் தூசிடா. அதுதான் மூக்கு வழியா போயி கிட்னில படியுது. இன்னமே பாலு, தயிரு, மோரு பக்கம் போவாத. அதுலயும் இருக்கறது சுண்ணாம்புச் சத்துதான்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மோரை நிறுத்தினேன். சகாயமேரி தினமும் சோற்றோடு ஒரு பாட்டில் மோர் வைப்பாள். டீயைத் தவிர, அதுவரை ஒரு நாள் மொத்தத்தில் நான் குடித்தது அந்த மோர் ஒன்றுதான்.

"ஏங்க, மோரு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

"கல்லு வெக்குமாம். மணி அண்ணன் சொன்னாரு."

"அவரு எந்த ஆஸ்பத்திரில டாக்டரா இருக்காரு?"

அவள் வைப்பதை நிறுத்தவில்லை. நான் அதை டயருக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டுக் காலி பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோவேன். இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். மோருக்குப் பதிலாக ஊறுகாய் வைத்துக்கொண்டேன். இதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை வரிசையில் நிற்கும்போது இடது விலாவுக்குக் கீழே வலி ஆரம்பித்தது. உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாந்தி எடுத்தேன். ஜெயங்கொண்டத்தில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் போய்ப் படுத்தேன். காலையில் போனதுதான் கடைசி, அதற்குப் பிறகு சிறுநீர் இறங்கவில்லை. மறுநாளும் வரவில்லை. சகாயமேரி என்னைப் பஸ் ஏற்றி, அரியலூரில் மாற்றி, பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிர் போய் வந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் வந்தார்.

"ஐயா, உங்க வலது கிட்னி ரொம்ப நாளைக்கு முன்னாடியே சுருங்கிப் போச்சுங்க. வேலை செய்யறது இடது ஒன்னுதான். அதோட குழாய்லதான் கல்லு அடைச்சிருக்கு."

"இறங்கிடுங்களா?"

"இறங்கலாம், இறங்காமலும் போகலாம். ரத்தத்துல உப்பு ஏறிட்டே இருக்கு. திருச்சியிலேர்ந்து பெரிய டாக்டர் நாலு மணிக்கு வர்றார். வந்து டியூப் வெச்சுப் பாப்பார். அதுக்குள்ள காய்ச்சல் வந்துடக் கூடாது. இந்த ஒன்னும் போச்சுன்னா வாரம் மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ற மிஷின்ல படுக்கணும்."

ஒரே ஊரில் உட்காரத் தெரியாத மனிதன் நான். வாரம் மூன்று நாள் ஒரே கட்டிலில் கட்டிப்போட்ட மாதிரி. அதை நினைத்ததும் செத்துப் போனால் பரவாயில்லை என்று தோன்றியது. அழக்கூட எனக்குத் தெம்பில்லை. சகாயமேரி பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அதை முழுதாகச் சொல்லத் தெரியாது. கண்ணை மூடி, எனக்குத் தெரிந்த மாதிரி கேட்டேன்.

'ஆண்டவரே, எங்கெங்கேயோ போய்விட்டேன். இனி எங்கும் போகக் கேட்கவில்லை. இந்த வார்டு முனையில் இருக்கிற கழிப்பறை வரைக்கும் ஒருமுறை என்னைப் போய்வர வையும். எனக்கு அது போதும்.'

இதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். மணி மூன்றரை இருக்கும். இடுப்பில் ஒரு குத்து குத்தி, வலி சட்டென்று கீழே இறங்கியது. சகாயமேரி குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க, சுவரைப் பிடித்தபடி நடந்தேன். முதலில் சொட்டுச் சொட்டாக ரத்தம். பிறகு சிறுநீர் வந்தது. நிற்காமல் வந்தது. அந்தக் கழிப்பறைச் சுவரில் தலையைச் சாய்த்து நின்று அழுதேன். அவள் வெளியிலிருந்து, "வருதாங்க?" என்று கேட்டாள். "வருது" என்றேன். அவளும் அழுதாள்.

சிறுநீரோடு வந்த கல்லையும் ஆஸ்பத்திரியில் தந்திருந்த டப்பாவில் பிடித்துக் கொடுத்தோம். பாதி மிளகு அளவுதான் இருந்தது. மருந்தும் ஓடிக்கொண்டிருந்தது, சின்னக் கல் சில சமயம் தானாக இறங்கும் என்று நான்கு மணிக்கு வந்த பெரிய டாக்டர் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை. நான் என்ன கேட்டேன் என்று எனக்குத் தெரியும். கேட்டது கிடைத்தது.

மறுநாள் டாக்டரம்மா என் சாப்பாட்டை விசாரித்தார். எனக்கு முன்னால் சகாயமேரி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

"தூசி கிட்னிக்குப் போகாதுங்க. தண்ணி குடிக்காம உப்பையும் கருவாட்டையும் திங்கறதுதான் உங்களைக் கெடுத்துது," என்றார். "மோரை ஏன் நிறுத்துனீங்க? சோத்தோட மோரு சேந்தா, கல்லு வெக்கிற சரக்கைக் குடல்லயே பிடிச்சு வெளியில அனுப்பிடும். உப்பு போடாமக் குடிங்க."

சகாயமேரி என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். டயருக்குப் பக்கத்தில் ஊற்றியதை அங்கேயே சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றாள். "எப்படித் தெரியும்?" என்றேன். "சோறு திங்கறப்ப குடிச்சிருந்தா, பாட்டில்ல ஒரு நாளாவது உங்க ஊறுகாய்க் கை பட்ட கறை இருந்திருக்காதா?" என்றாள். தெரிந்தும் இரண்டு வருடம் வைத்து அனுப்பியிருக்கிறாள். நான் கேட்பதற்கு வெகு முன்பே ஆண்டவர் பதிலை என் சோற்றுப் பையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு கிட்னியும் கொஞ்சம் அடிபட்டுத்தான் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்கிறேன். சீக்கிரம் களைத்துப் போகிறேன். ஆனால் ஒரே வேலையில், ஒரே ஊரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருக்கிறேன். வண்டியில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறது. மோரை ஊற்றுவதில்லை.

வரிசையிலும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கண்ணாடியில் துண்டு கட்டியிருந்தால் அந்த டிரைவர் இறங்கிப் போயிருக்கிறான் என்று அர்த்தம். பின்னால் இருப்பவன் முந்தக் கூடாது. மூக்கில் கட்டிய என் துண்டைத்தான் முதலில் கட்டினேன். மணி அண்ணன், "வந்துட்டாருடா தண்ணி டாக்டரு" என்று கிண்டல் செய்தார். போன வாரம் அவர் வண்டிக் கண்ணாடியில் துண்டு தொங்கியது. நான் என் வண்டியை நகர்த்தாமல் நின்றேன்.

உங்களுக்கு என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது. ஆண்டவரிடம் கேட்க அது ரொம்பச் சின்னது, அசிங்கமானது என்று நினைத்தால் அப்படி நினைக்காதீர்கள். நான் சிறுநீர் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. இன்றும் ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு நிமிடம் நின்று நன்றி சொல்லிவிட்டுத்தான் வெளியே வருகிறேன். வெளியே நின்று கதவைத் தட்டுகிறவர் நீங்களாக இருந்தால், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.