செயினை இறுக்கியது யார்?

ரெய்னோ டோலோனென் யாரையும் முழுசாக நம்பியவர் இல்லை. ரேடியோக்காரன் பனி விழாது என்றால் உடனே மண்வாரியைத் தேடி எடுத்து வைப்பார். விழும் என்றால், பனியைக் கரைக்கும் உப்பு மூட்டையை விற்கிறவன் சொல்லச் சொல்லியிருக்கிறான் என்பார். மரம் ஏற்றும் லாரியில் வாழ்நாளைக் கழித்தவர். பிரேக்கைக்கூடச் சந்தேகப்பட்டதால்தான் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறேன் என்பது அவர் கட்சி. அதில் பொய்யில்லை. அதற்காக, பிரேக்கைப் பார்க்கிற கண்ணாலேயே பக்கத்து வீட்டுக்காரனையும் பார்த்தால் என்ன செய்வது?

அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியைப் பார்த்த குன்றின் உச்சியில் அவர் வீடு. அங்கிருந்து தார்ச்சாலைக்கு இறங்குகிற பாதை செங்குத்தானது, நடுவில் ஒரு மோசமான வளைவு வேறு. குளிர்காலம் முழுக்க அதில் பனியைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று, முன்னால் இரும்புத் தகடு பூட்டிய நாலு சக்கர பைக் ஒன்று வைத்திருந்தார். போன வருஷம் அது வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. அந்த வாரம் பார்த்து அவர் மனைவி ஐலிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியவில்லை. நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு பனியில் இறங்கினார்கள்.

கிரீன்பே நகரத்தில் இருக்கும் மகள் கரின் அப்போதே சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவை இந்தப் பாதை அடைஞ்சுதுன்னா வீட்டை வித்துட்டு என்கூட வந்துரணும். அம்மாவை வச்சு விளையாடாதப்பா."

இந்தக் குளிர்காலம் ரெய்னோவுக்குப் பரீட்சை. பாதை அடைபட்டால் வீடு போச்சு.

குன்றின் அடியில் இருப்பவன் கிளைடு பெல்டியர். நல்ல மனுஷன்தான், வாய்தான் சும்மா இருக்காது. கரின் சொன்னதைக் கேள்விப்பட்டு, "விக்கிறதா இருந்தா முதல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுய்யா" என்று சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து அவன் செய்வதற்கெல்லாம் ரெய்னோ ஒரு உள்நோக்கம் கண்டுபிடித்தார். கிளைடு மீன் கொடுத்தால், இடத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறான். கொடுக்காவிட்டால், நாம் எப்போது கிளம்புவோம் என்று காத்திருக்கிறான்.

முதல் பனிக்கு முன்பே, பனியில் சறுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டுகிற செயின் வாங்க ரெய்னோ போனார். கடையில் இருந்த பெண் இரண்டு வகையை எடுத்துப் போட்டாள். ஒன்று ஏணிப்படி மாதிரி குறுக்குச் சங்கிலி வைத்தது. மற்றது வலை மாதிரி பின்னியது.

"உங்க பாதையில வளைவு இருக்கா? அப்படின்னா வலைதான் நல்லது, பக்கவாட்டுல சறுக்காது" என்றாள்.

வலைக்கு விலை கூடுதல் என்பதை ரெய்னோ ஏற்கெனவே பார்த்துவிட்டார். "ஏணி போதும்மா. லாரிக்கு அதைத்தான் போட்டேன், செத்தா போயிட்டேன்?"

"டயர் பக்கத்துல எழுதியிருக்கிற அளவைப் பார்த்துட்டு வந்தீங்களா?"

அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டுதான் போயிருந்தார். ஆனாலும் அவள் எடுத்துக் கொடுத்ததைத் தரையில் விரித்து, ஒவ்வொரு கண்ணியாகப் புரட்டிப் பார்த்த பிறகுதான் நகர்ந்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்து பின் சக்கரங்களில் செயினை மாட்டினார். கொக்கியின் வாய் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் டயரைக் கிழிக்கும். அதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கடைசியில், ஒரு கை உள்ளே போகிற அளவு தளர்த்தி விட்டார். லாரிக்காரர்கள் வழக்கம் அது. தளர்ந்திருந்தால் செயின் டயரைச் சுற்றி நகரும், பனி அப்பாது.

காப்பிக்கு வந்திருந்த கிளைடு குனிந்து பார்த்தான். "யோவ், இது லாரி டயர் இல்லய்யா. மெத்துன்னு இருக்கிற டயர். கொஞ்சம் காத்தை இறக்கி, செயினை இழுத்து மாட்டி, அப்புறம் காத்தை அடி. கச்சுன்னு பிடிச்சுக்கும்."

"எனக்குத் தெரியும், நீ ரொட்டியைத் தின்னு" என்றார் ரெய்னோ. ஐலி ஏலக்காய் ரொட்டியை இன்னொரு துண்டு நறுக்கி வைத்தாள்.

சனிக்கிழமை சவுனா நாள், அதாவது மர அறையில் பழுக்கக் காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கிற நாள். மத்தியானமே ஐலி விறகை அடுக்கித் தீ மூட்டிவிடுவாள். கல் பழுத்ததும் கிளைடு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறி வருவான். முப்பது வருஷமாக அப்படித்தான். வண்டிக் கொட்டகை சவுனாவுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெய்னோ வண்டியைப் பார்த்துத் திகைத்தார். செயின் டயரோடு ஒட்டிக்கொண்டு, விரல்கூட நுழையாமல் இருந்தது. கொக்கி இரண்டு கண்ணி தள்ளி மாட்டியிருந்தது. பேசாமல் பழையபடி தளர்த்தினார். அடுத்த சனிக்கிழமை கழிந்ததும் மறுபடி அதே இறுக்கம்.

வேறு யார்? கொட்டகைப் பக்கம் வருகிறவன் ஒருத்தன்தான். இப்படி இறுக்கினால் செயின் அறுந்துவிடும்; அறுந்து வண்டி பள்ளத்தில் கிடந்தால் யாருக்கு லாபம்? அதுவும் ஒருத்தனுக்குத்தான். கணக்கு அவ்வளவு சுத்தமாக ஒத்துப்போனதில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது.

தபால்பெட்டி அருகே கிளைடை நிறுத்தினார். "இனிமே சனிக்கிழமை வரவேண்டாம்."

கிளைடுக்கு முதலில் புரியவில்லை. "எங்க வரவேண்டாம்?"

"சவுனாவுக்கு. ஏன்னு உனக்கே தெரியும். என் இடத்தை நீ இப்படி வாங்க முடியாது."

இந்தப் பக்கத்தில் சண்டை போட்டவர்கள்கூட சவுனாவுக்கு வராதே என்று சொல்ல மாட்டார்கள். கிளைடு திரும்பி நடந்தான்.

அடுத்த சனிக்கிழமை ரெய்னோ விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். வராதே என்று சொன்னால் திருட்டுத்தனமாக வருவான், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று எண்ணம். குளிரில் மூக்கு ஒழுகியது. சவுனாப் புகைபோக்கியில் புகை எழுந்தது. கதவு திறந்து ஐலி வந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் போய், மெல்ல மண்டியிட்டு, டயரில் காற்றை இறக்க ஆரம்பித்தாள்.

ரெய்னோ எழுந்தபோது விறகு சரிந்தது. "ஐலி! நீயா?"

அவள் திரும்பிப் பார்த்தாள், பதறவில்லை. "நான்தான். அந்தப் பம்ப்பை எடுத்துக் குடு."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா? கிளைடு சொன்னப்ப கேட்டியா? இங்க வந்து குனிஞ்சு பாருய்யா."

சக்கரத்தின் உட்பக்கம் காட்டினாள். தளர்ந்த செயின் சுழலும்போது வீசி வீசி அடித்து, பிரேக் ஆயில் போகிற குழாயின் ரப்பரைத் தின்றிருந்தது. உள்ளே இருக்கிற நூல் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால், வளைவில் இறங்கும்போது பிரேக்கே இருந்திருக்காது. வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று ரெய்னோ தன்னையே கொல்லப் பார்த்திருக்கிறார்.

"நான் இறுக்க இறுக்க நீ தளர்த்திட்டே இருந்த" என்றாள் ஐலி. "எலி வந்து இறுக்குதுன்னு நெனச்சியா? சரி, கிளைடு எங்க? இந்நேரம் வந்திருக்கணுமே."

ரெய்னோ சொன்னார். சொல்லாமல் தப்ப முடியவில்லை.

அவள் பம்ப்பைக் கீழே வைத்தாள். "உன்னை வீட்டைவிட்டுக் கிளப்பக் கரின் வேணாம்யா. நீயே போதும். குழாயை மாத்து. மாத்திட்டு அவனைக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் நீயும் சவுனாவுக்குள்ள போகக் கூடாது."

ரெய்னோ பழைய சாமான் பெட்டியில் பொருந்துகிற குழாயைத் தேடி மாட்டி, ஆயில் ஊற்றி, பிரேக்கைச் சரிபார்த்தார். ஐலி காற்றடித்தாள். செயின் கச்சிதமாகப் பிடித்தது. குன்று இறங்கும்போது வழக்கமான கடமுடா சத்தமே இல்லை, வளைவில் ஒரு இழுப்பு இல்லை.

கிளைடு கதவைப் பாதிதான் திறந்தான். "என்ன?"

"சவுனா சூடா இருக்கு. வா."

"எதுக்கு? இப்ப என் இடத்தை எழுதி வாங்கணுமா?"

கிளைடு ரெய்னோவின் தோளுக்கு மேல் வண்டியைப் பார்த்தான். "சத்தமே இல்லாம வந்திருக்க. செயினை யாரு இறுக்கினா?"

நான்தான் என்று சொல்லிவிடலாம், நாக்கு நுனிவரை வந்தது. "ஐலி" என்றார். "நீ சொன்ன மாதிரியே. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவதான் இறுக்கியிருக்கா. நான் உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன், கிளைடு. தப்பு என்மேல."

கதவு சாத்திக்கொண்டது. ரெய்னோ குளிரில் நின்றார். முப்பது வருஷத்தையும் தொலைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். அப்புறம் கிளைடு வெளியே வந்தான், தோளில் துண்டு. ஆனால் வண்டியில் ஏறவில்லை. பனியில் மண்டியிட்டு, செயினுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். கொக்கியைப் பார்த்தான். சக்கரத்தின் உட்பக்கம் கையை நீட்டி, மாற்றியிருந்த குழாயைத் தடவிப் பார்த்தான்.

"நீ மாட்டின குழாயா?" என்று கேட்டான்.

"ஆமா."

கிளைடு திரும்பக் குனிந்து, முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தான். அவன் பார்த்து முடிக்கும்வரை ரெய்னோ நின்றார்.