வாப்பா சுட்ட ஸ்கோன்

வாப்பா கடைசியாக ஊருக்கு வந்தபோது அவருடைய பெட்டியில் ஒரு தலையணை இருந்தது. வழக்கம்போல நடு வீட்டில் பாய் விரித்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்த பிறகுதான் பெட்டியின் கயிற்றை அறுத்தோம். பால்மாவு, சோப்பு, சென்ட் பாட்டில் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும் எனக் காத்திருந்தவர்கள் முன்னால், உறை வெளுத்துப்போன அந்தத் தலையணைதான் முதலில் வந்தது. அடுத்து இரண்டு வெள்ளைச் சமையல் கோட்டுகள். மரப்பிடி போட்ட சின்ன பிரஷ் ஒன்று. வளையத்தில் கோத்த அளவுக் கரண்டிகள். அடியில், அட்டைப்பெட்டியோடு ஒரு ஏர் ஃப்ரையர். என் பிள்ளைகளுக்கு மிட்டாய் ஒரே ஒரு பாக்கெட். தங்கை என் தொடையைக் கிள்ளினாள். "என்னங்க இது, தலகாணியத் தூக்கிட்டு வந்திருக்கீங்க? இங்கன தலகாணி இல்லையா?" என்று உம்மா கேட்டார். எல்லோரும் சிரித்தோம். வாப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

லீவில் வருகிற மனிதர் தன் தலையணையைச் சுமந்துகொண்டு வரமாட்டார். வேலைக்குப் போட்டுக்கொள்கிற கோட்டையும் கொண்டு வரமாட்டார். இது எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. துபாயில் ஒரு பெரிய ஓட்டலின் பேக்கரியில் இருபத்தாறு வருடம் உழைத்துவிட்டு, விசாவை முடித்துக்கொண்டு, இனிப் போவதில்லை என்று அவர் வந்திருந்தார். அதை வாய் திறந்து சொல்லவில்லை. எங்களில் யாராவது ஒருவர் "இனிமே இங்கனயே இருங்களேன்" என்று சொன்னால், அதைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்று இருந்திருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை நாளும் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன ஆகப்போகிறது.

வெளிநாடு போய் உழைக்கிறவரை எங்கள் கடற்கரை ஊரில் சபராளி என்பார்கள். சபராளி ஒருவர் வந்து இறங்கினால் முதல் கேள்வி, சுகமா இருக்கீகளா என்பது. இரண்டாவது கேள்வி, எப்ப பயணம் என்பது. பள்ளிவாசல் வாசலில் கேட்பார்கள், மீன் கடையில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் சோற்றில் கை வைத்துக்கொண்டு கேட்பார்கள். கேட்கிறவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்பதுதான். நானும் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். வந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த வாப்பா, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "எப்ப பயணம்னு பதினேழு பேரு கேட்டுட்டாகம்மா" என்றார். பதினேழு என்று எண்ணியிருக்கிறாரே என்று எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

வீடு உம்மாவுடையது. எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். கட்டிக்கொள்கிற மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வாப்பா வந்து இருந்தது எவ்வளவு நாள் என்று பார்த்தால், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் அவருக்குப் பெரிய மீன் துண்டு, தனி டம்ளர், தனித் துண்டு. விருந்தாளியைக் கவனிப்பதில் எங்கள் வீட்டை யாரும் குறை சொல்ல முடியாது. அவர் ஒரு நாள் அடுப்படி வாசலில் வந்து நின்று, "மாவு சல்லடை எங்கன இருக்கு?" என்று கேட்டபோது உம்மா பதறிப்போனார். "நீங்க போயி உக்காருங்க, என்ன வேணும்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தாரேன்." இருபத்தாறு வருடமாக ஊருக்கெல்லாம் பலகாரம் செய்த மனிதர், தன் பெண்டாட்டி வீட்டில் ஒரு சல்லடை இருக்கிற இடம் தெரியாமல் நின்றார்.

அந்த ஓட்டலுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் சாயங்காலத் தேநீரோடு சாப்பிடுவதற்காக வாப்பா தினமும் ஸ்கோன் சுட்டுக் கொடுத்தவர். பன்னும் இல்லை, கேக்கும் இல்லை, அதுக்கு நடுவில ஒண்ணு என்று எங்களுக்கு விளக்கினார். எங்களுக்கு ஒரு நாள்கூடச் செய்து தந்ததில்லை, அதற்கான அடுப்பு இங்கே இல்லை என்பார். இப்போது, சூடான காற்றிலேயே சுட்டெடுக்கிற ஏர் ஃப்ரையர் வந்துவிட்டது. அதன் பிளக்கில் சதுரமாக மூன்று பின்கள் இருந்தன, எங்கள் சுவரில் ஏறாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை அறுத்துப் போட்டுவிட்டு நம்மூர்ப் பிளக்கை மாட்டச் சொன்னார். வெண்ணெய் வாங்க இராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிப் போய், ஈரத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

முதல் நாள் பிற்பகலில் செய்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. சலித்த மைதாவில் பேக்கிங் பவுடரும் சீனியும் கலந்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு, விரல் நுனியால் மாவோடு உதிர்க்க வேண்டும். வெண்ணெய் கரையாமல் துணுக்குத் துணுக்காக நிற்க வேண்டும்; அது சூட்டில்தான் உருக வேண்டும், அப்போதுதான் ஸ்கோன் ஏடு ஏடாக எழும்பும். அவர் வேலை பார்த்தது ஏசி போட்ட அறையில். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் விரல் பட்டதுமே வெண்ணெய் எண்ணெயாகிவிட்டது. ஏர் ஃப்ரையரின் கூடையிலிருந்து வந்தவை தட்டையாக, ஓரம் சிவந்து, கல்லாக இருந்தன. "வாப்பா, ரஸ்க் மாதிரி இருக்கு, டீ போடவா?" என்றாள் தங்கை. "இங்கன வெண்ணெய் நிக்க மாட்டேங்குது" என்றார் வாப்பா. தோற்றுப்போன முகம். அதை ஒரு ஸ்கோனுக்கான முகம் என்றுதான் நான் நினைத்தேன்.

இரண்டாவது தடவை மாவு, சட்டி, கத்தி எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டார். வட்டமாக வெட்ட டம்ளரை எடுத்தார். எங்கள் டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்தது, மொண்ணை. அது மாவின் ஓரத்தை நசுக்கி ஒட்ட வைத்துவிட்டது, ஒன்றும் எழும்பவில்லை. "வெட்டுறப்பத் திருகக் கூடாதும்மா. நேரா எறக்கி நேரா எடுக்கணும். ஓரம் ஒட்டிக்கிட்டா உள்ள இருக்கறது வெளிய வர வழி இருக்காது" என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் போனைப் பார்த்துக்கொண்டு உம் கொட்டினேன். அடுப்படிக்குள் உம்மா அக்கம்பக்கம் கேட்கிற குரலில், "இவுக எடத்த விட்டாத்தான் நான் மீனக் கழுவ முடியும்" என்றார். வாப்பா ஏர் ஃப்ரையரைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்து ஜன்னல் மேடையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அடுப்படியில் வந்து நிற்கவில்லை.

மூன்றாவது தடவை விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் ஆரம்பித்தார். வெயில் ஏறாத நேரம். ஃப்ரீசரில் கல்லாகக் கிடந்த வெண்ணெயை கேரட் துருவியில் துருவி மாவில் போட்டு, கை சூடு படாமல் நாலே உதிர்ப்பு. பாலை ஊற்றிப் பட்டும் படாமல் சேர்த்து, கத்தியால் சதுரமாக வெட்டி, அந்த மரப்பிடி பிரஷ்ஷால் மேலே பால் தடவி உள்ளே வைத்தார். நான் எழுந்து வந்தபோது வீடு முழுக்க வெண்ணெய் வாசம். ஏழு ஸ்கோன், இரண்டு விரல் உயரம், பக்கவாட்டில் அழகாக வெடித்திருந்தன. "இந்த வெடிப்புல கைய வச்சா ரெண்டா பிரியணும். கத்தி வச்சா அது ஸ்கோன் இல்ல" என்று பிரித்துக் காட்டினார். க்ரீமுக்குப் பதிலாகப் பாலாடையில் சீனி கலந்து வைத்திருந்தார், பக்கத்தில் ஜாம். உம்மாவைக்கூட வற்புறுத்தி உட்கார வைத்துவிட்டார். என் மகன் அதை முந்தின நாள் கறிக் குழம்பில் முக்கித் தின்றான். "இதுவும் நல்லாத்தான் இருக்கும், அந்த வெள்ளைக்காரனுக்குத் தெரியல" என்று வாப்பா சிரித்தார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் என்ன நெனச்சேன்னா..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லையே. வாய் நிறைய ஸ்கோனை வைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லாருக்கு வாப்பா. அடுத்த தடவ வாரப்ப அந்த க்ரீம் டின்னையும் கொண்டாந்துருங்க. எப்ப பயணம்?" என்றேன். பதினெட்டாவது ஆள் நான். வாப்பா தட்டில் கிடந்த துகள்களை விரலால் ஓரமாகத் தள்ளி ஒன்று சேர்த்தார். "பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன். போகணும்" என்றார். என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. உம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் ஸ்கோன் சுடவில்லை. நாள் முழுக்க யார் யாரிடமோ போனில் பேசினார். மாதக் கடைசியில் புது விசா வந்தது. கூலித் தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப் ஒன்றில், அடுப்புச் சூட்டில் நின்று சப்பாத்தி போடுகிற வேலை. அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு. வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிவிட்டு வந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் இப்போது பதில் இருந்தது. கார் கிளம்புகிற நேரத்தில் கட்டிலில் தலையணை கிடப்பதைப் பார்த்து நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். "இருக்கட்டும்மா. அங்கன ஒரு ரூம்ல பன்னெண்டு பேரு, வைக்க எடம் இருக்காது" என்றார். ஐந்தாவது மாதம், மதியச் சாப்பாட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள். நாங்கள் போனில் பார்த்தோம். மண் தள்ளுகிற கைகளில் எனக்குத் தெரிந்த கை ஒன்றுகூட இல்லை.

ஒரு மாதம் கழித்து வாலிநோக்கம் ஊர்க்காரர் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். பழைய ஓட்டலில் வாப்பாவுக்குக் கீழே வேலை பார்த்தவர். கணவனை இழந்த பெண் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற இத்தாவில் உம்மா இருந்ததால் அறைக்குள், கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் ஜன்னல் மேடையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். "இது நாங்க எல்லாரும் சேந்து அவுகளுக்கு வாங்கிக் குடுத்ததும்மா. ஊரோட போறாகளேன்னு. வீட்ல இன்னும் சொல்லல, போய்ச் சொன்னா சந்தோசப்படுவாகன்னாக" என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து உம்மா கேட்டார்: "திரும்பிப் போனப்ப எங்களப் பத்திக் கொறையா எதுவும் சொன்னாகளா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல லாத்தா. யாரும் இருக்கச் சொல்லல தம்பி, நான் இருந்தா அவுகளுக்குச் செரமம்தான், அப்படின்னாக. கொறையாச் சொல்லல." அவரை டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லு என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது. இந்த மூன்று வருடத்தில் உம்மாவும் நானும் இதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை. பேசினால் யார் மீது பழி போடுவது என்று தெரிந்துவிடும்.

என் கணவரும் சபராளிதான், கத்தாரில் இருக்கிறார். போன மாதம் லீவில் வந்தார். எப்ப பயணம் என்று நான் கேட்கவில்லை, பிள்ளைகளையும் கேட்கவிடவில்லை. விடியற்காலையில் எழுந்து, வெண்ணெயைத் துருவிப் போட்டு, அவருக்கு ஸ்கோன் சுட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மச்சான், நீங்க இனிப் போக வேணாம். இங்கனயே இருந்துருங்க" என்றேன். மூன்று வருடமாக எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு நாள் தெருவில் நடந்துகொண்டே இருந்தார். மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ சொன்னத யோசிச்சேன். நெசமாவே எனக்கும் ஒடம்புல முடியல. இருந்துரட்டுமா?" என்று கேட்டார்.

இருங்க என்ற ஒரு சொல்தான் பாக்கி. வாயில் வந்து நின்றது. ஆனால் அந்த இருபது நாளாக என் வேலை எதுவும் என் போக்கில் நடக்காதது, நேரத்துக்கு நேரம் டீ, டிவியின் சத்தம், எதற்கெடுத்தாலும் எங்கன போற என்ற கேள்வி, எல்லாம் அந்த நேரம் பார்த்து முன்னால் வந்து நின்றன. "இங்கன இருந்து என்ன செய்வீங்க?" என்றேன். என் குரல்தான். "சும்மா கேட்டுப் பாத்தேன்" என்று அவர் சொல்லிச் சிரித்துவிட்டு, டிக்கெட்டைப் பார்க்க போனை எடுத்தார்.

போன வெள்ளிக்கிழமை கிளம்பினார். கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே வந்து கட்டிலில் கையையும் காலையும் நீட்டிக் குறுக்கே படுத்தேன். எல்லாம் தெரிந்த பிறகும், சொல்லவே கூசுகிறது, அப்பாடா என்று இருந்தது.