யார் ஆலையில் கரும்பு ஆட்டுவது

கரும்பை நாட்டாண்மைக்காரர் ஆலையில்தான் ஆட்டவேண்டும், காய்ச்சிய வெல்லத்தில் அவருக்கு ஒரு பங்கு. செலியமேட்டில் இது ஊர்க்கட்டுப்பாடு. மீறினால் நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வாசல் மிதிக்கமாட்டார்கள். என் வீட்டுக்காரர் கடலூரிலிருந்து ஒரு புது இரும்பாலையை வண்டியில் ஏற்றிவந்து எங்கள் களத்தில் நட்டுவிட்டார். அதோடு ஊர் எங்களைத் தள்ளிவைத்தது. கரும்பு முற்றி நிற்கிறது, வெட்ட ஒரு ஆள் வரவில்லை.

ஊர்க்கூட்டத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து நியாயம் பேசினார். என் கரும்பு, என் மாடு, எங்கே ஆட்டுவதென்று சொல்ல இன்னொருவனுக்கு என்ன உரிமை, பாகூரில் மேரி என்கிற நகரசபை ஆபீஸ் வாசலில் பிரெஞ்சுக்காரனே சுதந்திரம் என்று எழுதிவைத்திருக்கிறானே என்றார். எனக்கு அது வேதவாக்கு. கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள், உள்ளுக்குள் ஆளுக்கொரு சந்தேகம். குளத்துக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் வாய்விட்டுக் கேட்டாள்.

"ஆலை வித்த கடலூர்க்காரன் உன் வூட்டுக்காரருக்கு இன்னாடி குடுத்தான்? சும்மாவா பேசுறாரு?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்றும் கொடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணினேன். நம்பினால்தானே! நேரே நாட்டாண்மைக்காரர் ஆலைக்குப் போய், அவள் கரும்பை ஆட்டிப்போட்ட சக்கையில் ஒரு பிடி அள்ளிவந்து, அவள் கண்ணெதிரே முறுக்கிப் பிழிந்தேன். முழங்கைவரை சாறு வழிந்தது. உருளை தேய்ந்துபோன ஆலை அது. இதுவும் உன் வெல்லம்தான், மாடு தின்கிறது என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சக்கையைப் பிழிந்து பார்த்தாள். நியாயத்துக்கு அசையாத ஊர் சக்கைக்கு அசைந்தது. எங்கள் கரும்பை வெட்ட ஆள் வந்தது. பின்னாலேயே மற்றவர்கள் கரும்பும் எங்கள் களத்துக்கு வந்தது, பங்கு வெல்லமும் வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருஷம் கரும்பு வெட்டுக்கு முன்னால் மறுபடி கூட்டம். பெண்கள் நாங்கள் கோயில் மதிலோரம் நின்றோம். இனி எல்லாரும் இவர் ஆலையில்தான் ஆட்டவேண்டும், மீறினால் தள்ளிவைப்போம் என்று என் வீட்டுக்காரரைக் காட்டிச் சொன்னார் ஊர்ப் பெரியவர். நாட்டாண்மைக்காரர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் என் வீட்டுக்காரர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தனக்காகப் பேசியதை இன்றைக்கு அடுத்தவனுக்காகப் பேசுவார் என்று நம்பினேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஊரு முடிவு பண்ணா நான் இன்னா சொல்றது" என்றார், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள். அவள் கேட்ட மாதிரியே, சும்மாவா பேசினார் என்று அன்றிலிருந்து நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.