சீசா அரண்மனையும் பாண் கடையும்

ஆக்ராக் கோட்டையைப் போன வருடம்தான் பார்த்தேன். அதனால் இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசா அரண்மனை முன் நிற்கும்போது, முகலாயர்களுக்கே மேஸ்திரியாக இருந்தவன் போல ஒரு மிதப்பு. பெயர்தான் அரண்மனை, பார்த்தால் முழுக் கோட்டை. சுவரைத் தட்டிப் பார்க்கிறேன். காவலாளி முறைக்கிறார். கையைப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.

"அண்ணை, தமிழோ?" என்கிறார் பக்கத்தில் நிற்பவர். பெயர் மரியதாஸ், மன்னார்க்காரர். இங்கே ஒரு வீட்டில் சமையல் வேலை. இன்று வியாழன் என்பதால் அரைநாள் ஓய்வு.

"அம்மா என்னைக் கண்டு நாலு வருசம். ஒவ்வொரு கடிதத்திலையும் படம் கேக்கிறா. ஒண்டு எடுத்து அனுப்புவியளோ?"

கேமராவின் பிலிமில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். அதில் நான் இடுப்பில் கைவைத்து நிற்பதாக இருந்தது. பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்து, அவர் விலாசத்தை எழுதிக்கொண்டு, அவரை வாசலுக்கு நேரே நிறுத்துகிறேன். நகர்ந்துவிடுகிறார். மறுபடி இழுத்து நிறுத்துகிறேன்.

"இஞ்சை வேண்டாம் அண்ணை. எங்கட ஊர்க் கோட்டைக்குள்ளை ஆமிதான் இருக்குது. இதைக் கண்டால், மகனைப் பிடிச்சிட்டாங்கள் எண்டு அம்மா அழுவா."

கோட்டை நிபுணன் கேமராவை இறக்குகிறான்.

"அப்ப எங்கே நிற்கிறீங்க, தம்பி?"

"அந்தப் பாண் கடைக்கு முன்னாலை. பட்டினி இல்லை எண்டாவது தெரியட்டும்."

தெருவைக் கடந்து, அரண்மனைக்கு முதுகைக் காட்டிக் கேமராவைத் தூக்குகிறேன். கண்ணாடிக்குள் ரொட்டி மலைபோல் குவிந்திருக்கிறது. முன்னால் நிற்பவரோ ஒட்டடைக் குச்சி.

"வயிற்றைக் கொஞ்சம் வெளியே தள்ளுங்க."

மூச்சைப் பிடித்துத் தள்ளுகிறார். கேமராப் பொத்தானை அமுக்குகிறேன்.