நான் அடக்கிய கூச்சல்

ஊராட்சித் தலைவியாக இருந்த ஐந்து வருடத்தில் நான் மைக்கைப் பிடித்தது ஏழெட்டுத் தடவை இருக்கும். அதில் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

தை மாதக் கடைசி அது. சம்பா அறுவடை முடிந்து ஊர் நெல் முழுக்கச் சாலையோரத்தில் குவிந்து கிடந்தது. வருடா வருடம் திறக்கிற நெல் கொள்முதல் நிலையத்தை அந்த வருடம் மட்டும் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே போனார்கள். எங்கள் வீட்டு நெல்லும் அங்கேதான், தார்ப்பாய்க்கு அடியில். என் வீட்டுக்காரர் வெயில் அடித்தால் திறந்து காய வைப்பார், மேகம் கறுத்தால் ஓடிப்போய் மூடுவார். மழைக்கு முந்தி நிலையம் திறந்தாக வேண்டும். ஊரில் வேறு பேச்சே இல்லை.

அதனால்தான் எங்கள் ஊர்க் கபடிப் போட்டிக்கு ஒரு கட்சித் தலைவரை அழைத்தேன். அரசியலில் பெரிய கை. போன் போட்டால் அதிகாரிகள் எழுந்து நின்று பேசுவார்கள் என்று பெயர். குவியலை நேரில் பார்த்தால் மனசு இளகி மேடையிலேயே திறப்புத் தேதியைச் சொல்லிவிடுவார் என்று நம்பினேன்.

எங்கள் பக்கத்துக் கபடியில் ஒரு பழக்கம் உண்டு. முக்கியஸ்தர் வந்துவிட்டால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் விசில் ஊதி நிறுத்திவிடுவார்கள். இரண்டு அணியும் வரிசையில் நிற்க, அவர் கை கொடுத்து, பொன்னாடை வாங்கி, நாலு வார்த்தை பேசின பிறகுதான் மறுபடி ஆட்டம். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை அது. மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஐந்து மணிக்கு வந்தார். பாபநாசத்து அணியோடு இறுதி ஆட்டம், ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் ஊர் ஆட்டக்காரர் பாடிப் போய், இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டுக்குப் பாய்கிற நேரம் பார்த்து சாலையில் சரவெடி வெடித்தது. விசில் ஊதிவிட்டார்கள். அந்த இரண்டு புள்ளியும் செல்லாது என்றார் நடுவர்.

"ஊ..." என்று ஒரு மூலையில் ஆரம்பித்தது. முதலில் அது ஆட்டத்துக்காகத்தான். தலைவர் மேடையேறி மாலைக்குக் கழுத்தை நீட்டினதும், "நெல்லு ரோட்டுல கெடக்குது, இங்க மாலை கேக்குதா?" என்று ஒரு குரல். அதற்கப்புறம் மைதானமே ஊளையிட்டது.

முதல் வரிசையில், மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம், என் வீட்டுக்காரர். வீட்டில் ஒரு தும்மலைக்கூட அடக்கித் தும்முகிறவர், இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டு, நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போயிற்று. கூடவே பயம். இந்த மனுஷர் கோபித்துக்கொண்டு காரில் ஏறிவிட்டால் நிலையம் என்ன ஆவது?

ஆனால் தலைவர் முகம் சுளிக்கவில்லை. காலையிலிருந்து இரண்டு துக்க வீடு, மூன்று கல்யாணம் முடித்து வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் பக்கம் சாய்ந்து, "விடுங்கம்மா, கத்தட்டும்" என்றார். பெருந்தன்மைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுந்து போய் மைக்கைப் பிடுங்கினேன். "நம்ம ஊருக்கு வந்தவங்கள இப்படியா நடத்துறது? எம் பேச்சுக்கு மரியாதை கொடுக்குறதா இருந்தா நிறுத்துங்க!" என் வீட்டுக்காரரைப் பார்த்தேதான் சொன்னேன். அவர் கைதான் முதலில் இறங்கியது. பிறகு பக்கத்தில் இருந்தவர்கள். அரை நிமிஷத்தில் மைதானம் அடங்கிவிட்டது. அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த அமைதியில் தலைவர் பத்து நிமிஷம் வீரத்தைப் பற்றியும் இளைஞர்களைப் பற்றியும் பேசினார். நிலையம் விரைவில் திறக்கப்படும் என்றார். தேதி சொல்லவில்லை.

வழியனுப்பப் போனபோது குவியல் பக்கம் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தார்.

"ஏம்மா அடக்குனீங்க?" என்றார். "நிலையத்தத் தொறங்கன்னு பத்து நாளா நானும் அதிகாரிங்ககிட்ட தொண்டைத் தண்ணி வத்தக் கேட்டுக்கிட்டிருக்கேன். அந்தூர்ல ஒண்ணும் பிரச்சினை இல்லையேங்கறாங்க. ஜனங்க என்னைய வெரட்டுன வீடியோ ஒண்ணு இருந்திருந்தா, அதக் காட்டி இன்னைக்கே பேசியிருப்பேன்."

அது நிஜமா, அரசியல்வாதியின் வாய் ஜாலமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, அலுப்புதான் இருந்தது. நான் நம்பினேன்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை. அதற்கும் ஒரு வாரம் கழித்து நிலையத்தைத் திறந்து, ஈரப்பதம் அதிகம் என்று எங்கள் நெல்லைத் திருப்பி அனுப்பினார்கள்.

இப்போது டிவியில் ஏதோ ஒரு மைதானத்தில் ஜனம் ஒரு தலைவரைப் பார்த்துக் கூச்சல் போட்டால், மரியாதை தெரியாத கூட்டம் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் திட்டுகிறார்கள். நான் காபி போட உள்ளே போய்விடுவேன். அந்தக் கூட்டத்தில் யார் வீட்டு நெல் எங்கே கிடக்கிறதோ, எனக்கு எப்படித் தெரியும்?

மழை விட்டுத் தார்ப்பாயை விலக்கின அன்று குவியலின் அடியெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். எனக்கு என் மேல் இருந்த கோபம் அவர் மேல் திரும்பியது.

"நான் சொன்னா என்ன? நீங்க பாட்டுக்குக் கத்திக்கிட்டே இருந்திருக்கலாம்ல? ஏன் நிறுத்துனீங்க?"

அவர் நிமிராமலே சொன்னார்.

"அத்தனை பேருக்கு முன்னாடி நீ கேட்டுட்டே. நானே ஒம் பேச்சக் கேக்கலேன்னா ஊர்ல யாரு ஒன்னைய மதிப்பாங்க?"